வேலியில் கார்த்திகைப்பூ

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். ஒட்டன்சத்திரத்திலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. வயல் முழுக்கக் கம்பியில் படரவிட்ட கொடி. "இங்கே இதுக்குப் பேர் கண்வலிக்கிழங்கு. எல்லோரும் விதை விலைதான் பேசுகிறார்கள், பூவைப் பார்ப்பாரில்லை" என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைவு.

இங்கே மாரி பிடித்துவிட்டது. நேற்றுக் காலை எங்கள் ஒழுங்கையில், கிளுவை வேலிக்குள்ளிருந்து அதே கொடி தலை நீட்டியது. குடையை மடித்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதற்குத் தனியாகப் பற்றுச்சுருள் இல்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு வேலிக் கதியாலைப் பிடித்திருந்தது. இதழ் ஆறும் ஓரம் நெளிந்து பின்பக்கமாக மடிந்து நிற்கின்றன. புதிதாக விரிந்த பூ மஞ்சளும் பச்சையும். அதற்குக் கீழே மூத்த பூ முழுச் சிவப்பு. ஒரே கொடியில் நெருப்புப் பற்றி ஏறுவது போல.

நமக்கு இது கார்த்திகைப்பூ. பூக்கும் மாதத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். உங்கள் பக்கம் கிழங்கைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அது கவடு விட்டுக் கலப்பை போல் கிடப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். சங்கப் புலவர்கள் காந்தள் என்றார்கள், பெண்ணின் விரலுக்கு உவமை சொன்னார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதே செங்காந்தள்தான். கிழங்கில் இருக்கும் கொல்சிசின் ஆளைக் கொல்லும் நஞ்சு. அளவோடு கொடுத்தால் மூட்டு வீங்கும் கௌட் நோய்க்கு மருந்து. விதையிலும் அது இருப்பதால்தான் அங்கே அந்த விலை. பயிரிடுகிறவன் மண்ணுக்குக் கீழே பார்த்தான், வேலியோரம் நடந்தவன் மாதத்தைப் பார்த்தான். யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது, மச்சான்.

பட்டிப்பூவும் அப்படித்தான். உங்கள் பக்கம் ஒருவர் நித்தியகல்யாணி என்கிறார், இன்னொருவர் சுடுகாட்டு மல்லி என்கிறார். ஒரே பூ! மடகஸ்காரிலிருந்து வந்த செடி அது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டினை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதைச் சுடுகாட்டோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

எனக்கு மிகப் பிடித்த பெயர் அடம்பன், கடற்கரை மணலில் படரும் கொடி. போன கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் கரையோரத்து மணற்காட்டுக்குப் போனேன். மணல் மூடிய பழைய தேவாலயத்துச் சுவர்களைப் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால், கத்தரிப்பூ நிறத்தில் புனல் புனலாய்ப் பூத்துக் கிடக்கிறது. ஓர் இலையைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். நடுவில் பிளந்து, அச்சாக ஆட்டுக் குளம்பு. "ஆட்டுக்கால்!" என்று கத்தினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழில் அதற்கு ஆட்டுக்கால் அடம்பு என்று ஒரு பெயர் உண்டு; தாவரவியலார் வைத்த லத்தீன் பெயருக்கும் ஆட்டுக்கால் என்றே பொருள். பிறகு கொடியை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைக் கவ்வியிருந்தது, அவளால் அசைக்க முடியவில்லை. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம் வாத்தியார் சொல்லும்போது நாம் வெறும் பழமொழியாகத்தானே மனப்பாடம் பண்ணினோம். அவள் கையால் இழுத்துப் படித்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் அவளுக்கு ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். தாளையடியில் தாழை. முல்லைத்தீவில் முல்லை. மன்னாரில் அடம்பன் என்றே ஓர் ஊர், எருக்கலை பிடித்த பிட்டியாக எருக்கலம்பிட்டி. செடியை வெட்டி வீடு கட்டினாலும் விலாசம் எழுதும்போது பூ வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இவளுக்கு ரோஜாவும் தாமரையும் சொல்லிக்கொடுக்கிறார்கள், சரி. ஆனால் படலையைத் திறந்தால் காலில் படுகிற தும்பைக்கும் நெருஞ்சிக்கும் பெயர் தெரியாமல் அவள் வளர எனக்குச் சம்மதமில்லை. அதனால் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் நம் பெயர். வலப்பக்கம் உனக்கு: அங்கே வழங்கும் பெயர்களை நீ எழுதி அனுப்பு. எருக்கலையில் தொடங்கு, ஆவரசையும் பாவட்டையையும் விட்டுவிடாதே.

தை பிறந்ததும் வருவதாகச் சொன்னாய். மணற்காட்டுக்குப் போவோம், ஆனால் விடியவே புறப்பட வேண்டும். மத்தியானத்துக்குள் அடம்பன்பூ வாடிவிடும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்