மருத்துவப் பக்கத்தில் நம் ஊரைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் மூட்டு மாற்று சிகிச்சை பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. எழுதியவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், கீழே அவர் போட்டோ, ஆஸ்பத்திரி பெயர், முன்பதிவுக்கு போன் நம்பர். இது என்ன வகை என்று எங்களுக்கும் தெரியும் சார். டாக்டர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று அதே வாரம் தலையங்கமும் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

எந்த லேபுக்கும் போய்ப் பாருங்கள். நாமாகவே சுகர் பார்க்கப் போனாலும் கவுன்டரில் முதல் கேள்வி, "எந்த டாக்டர் அனுப்பினாங்க?" யாரும் இல்லை என்றால் 'செல்ஃப்' என்று அடித்து ரசீதைக் கையில் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பத்தான் கேட்கிறோம் என்பார்கள், சரி, சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். ஆனால் ஊரில் யாரும் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஆளை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. கட்டணத்தை போர்டில் எழுதி வைக்க வேண்டும், சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். இதையெல்லாம் ஒரு தடவையாவது கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்களா?

எந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிராத, தன் பெயரில் தனியாக கிளினிக் வைத்திருக்கிற டாக்டரால்தான் "ஸ்கேன் இப்ப வேண்டாம், நாலு நாள் பார்ப்போம்" என்று சொல்ல முடிகிறது, அதுவும் நம் அப்பாவுக்கு வீசிங் இருந்ததுகூட அவருக்கு ஞாபகம் இருக்கும் என்பதால் அவர் சொன்னால் நாமும் கேட்டுக்கொள்கிறோம். வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020இல் இறந்தபோது எல்லாப் பத்திரிகையும் எழுதின. எல்லோரும் ஐந்து ரூபாய்க்குப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, இருநூறு முந்நூறு வாங்கட்டும், போர்டில் எழுதிவிட்டு வாங்கட்டும்.

ஆனால் இப்படிப்பட்ட கிளினிக் நடத்த இளம் டாக்டர்கள் தயங்குகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரி, கிளினிக்குகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 1997 சட்டத்துக்கு 2018இல் விதிகள் வந்த பிறகு ஒற்றை டாக்டர் கிளினிக்கும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு வேண்டியதுதான், போலி டாக்டர்களைப் பிடிக்க உதவும். பெரிய ஆஸ்பத்திரியில் பதிவுக்கான தாள்களைப் பார்க்கத் தனியாக ஆள் இருப்பார்கள். இங்கே கடைசி பேஷண்ட்டை அனுப்பிவிட்டு டாக்டரேதான் உட்கார்ந்து எழுத வேண்டும். கொஞ்சம் எளிமையாக்கக் கூடாதா?

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993இல் ஒரு குடிசையில்தான் ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களுக்கே நர்ஸ் வேலையும் சுகாதாரப் பணியும் கற்றுக்கொடுத்தார்கள். சொந்த ஊர்ப் பெண் தன் பேச்சிலேயே வந்து சொன்னால் யார்தான் காது கொடுக்க மாட்டார்கள்?

பத்திரிகையும் அந்த வேலையைச் செய்யலாம். நாய் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று தெரியாமல் இன்னமும் சுண்ணாம்பு தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிற திட்டம் 2021இலேயே வந்துவிட்டது, பல தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் இருக்கின்றன, நம் தாலுகாவில் எவை என்று உங்கள் பத்திரிகையில் நான் பார்த்ததில்லை. அப்புறம் எந்த வார்டில் டெங்கு, பாம்புக்கடி மருந்து பக்கத்தில் எங்கே இருக்கிறது, இதெல்லாம் உள்ளூர்ப் பக்கத்தில் வாரா வாரம் வரலாமே. தகவல் திரட்ட ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். எந்த டாக்டர் எந்தக் கிழமை என்று அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு கவுன்டர் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள், உங்கள் நிருபர் போனில் ஒரு போட்டோ எடுத்து வந்தால் முதல் வாரத்துக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்