அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் எங்கள் பிள்ளையைத் தாங்கியவர்களுக்கு

மகன் நலமாக இருக்கிறான். தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாடப் போக வேண்டும் என்று நேற்று மாலை அடம்பிடித்தான். அந்த அடத்தைக் கேட்கவே அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தொலைபேசியிலும் வாசலிலும் விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மதுரைச் சித்திரைத் திருவிழாவில், ராமராயர் மண்டபத்துக்குப் போகும் வழியில் அவன் வெயிலில் மயங்கி விழுந்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்தீர்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

வெள்ளரிப்பிஞ்சு விற்ற அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெயர் தெரியாது. பாதையோரத்தில் குடையை ஊன்றி, கூடையில் பிஞ்சுகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அழகரைச் சேவித்துவிட்டு வரும் கூட்டம் தாகத்தில் எதையும் வாங்கும் நேரம் அது. ஆண்டுக்கு ஒரு நாள் கிடைக்கும் வியாபாரம். என் மடியில் பிள்ளை துவண்டு கிடந்ததைப் பார்த்ததும் அவர் அந்தக் கூடையை அப்படியே கவிழ்த்தார். பிஞ்சுகள் கூட்டத்தின் காலடியில் உருண்டன. தான் உட்கார்ந்திருந்த சாக்கில் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, கவிழ்த்த கூடையின் மேல் அவன் கால்களைத் தூக்கி வைத்தார்.

அழகர் மேல் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனுக்காக வேடம் கட்டியிருந்தான். வெல்வெட்டு உடுப்பும் சல்லடமும் வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டிக் கிடந்தன. இடுப்புக் கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகிப்போய் என் விரல்களுக்கு அசையவே இல்லை. அந்த அம்மா குனிந்து, பல்லால் கடித்து அதை அவிழ்த்தார். யாரோ வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். எடுத்து ஓரமாக வைத்தார். இன்னொருவர் சோடாவோடு வந்தார். "நினைவில்லாத பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தள்ளி நின்று காற்றை விடுங்கள்" என்று அந்த அம்மா ஒரு சத்தம் போட்டார். கூட்டம் விலகியது.

அவன் தோல்பையில் அழகருக்கென்று நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது. "அதை அவிழ்த்துப் பிள்ளை மேல் ஊற்று தாயி" என்றார். என் கை தயங்கியதைப் பார்த்து, "அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஊற்று" என்றார். ஊற்றினேன். ஈரத் துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தபடி ஓலை விசிறியால் விடாமல் வீசினார். சற்று நேரத்தில் அவன் கண் திறந்தது. நன்றாகத் தெளிந்து பேசிய பிறகே, உப்புப் போட்ட நீர்மோரை ஒவ்வொரு மடக்காகக் குடிக்கவைத்தார். பணத்தை நீட்டினேன். என் கையை மூடி, "முதலில் பிள்ளையைப் பார்" என்று சொல்லிவிட்டு, மிதிபடாமல் கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

பிறகு அவனைப் பரிசோதித்த மருத்துவர், அந்த அம்மா செய்தது அத்தனையும் சரி என்றார். வெயிலில் உடம்பு சூடேறும்போது தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்துவிடுமாம். அந்த நிலையில் நெடுநேரம் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடும். நினைவில்லாதபோது வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம், அது ஆபத்து. பிள்ளைகளுக்கு எடைக்கு உடற்பரப்பு அதிகம், வியர்வை குறைவு. அதனால் நம்மைவிட விரைவில் சூடேறிவிடுகிறார்கள். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், பிள்ளை பிதற்றினாலும், வலிப்பு வந்தாலும், நினைவு திரும்பாவிட்டாலும் அது வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பைக் குளிரவைக்கத் தொடங்க வேண்டும் என்றார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கூட்டத்தைப் பிளந்து வழி செய்த காவலர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், நீர்மோர்ப் பந்தல் இளைஞர்கள், என் செருப்பைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்த கல்லூரிப் பெண், இரவெல்லாம் கூட இருந்த எங்கள் தெருக்காரர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்த அம்மா மேலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர் என்று அருகில் பொரி விற்றவர் சொன்னார். யாருக்காவது அவரைத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நேர்த்திக்கடன் பாதியில் நின்றுவிட்டதே என்று என் அம்மாவுக்கு மனக்குறை. எனக்கு அந்தக் குறை இல்லை. அந்தத் தண்ணீர் அழகரிடம்தான் போய்ச் சேர்ந்தது என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

வேறொரு கடன் இருக்கிறது. அடுத்த சித்திரையில் அதே பாதையில் கீற்றுப் பந்தல் போடப்போகிறோம். மயங்கும் பிள்ளைகளைக் கிடத்தக் கயிற்றுக் கட்டில்கள், ஈரத் துண்டுகள், விசிறிகள், தண்ணீர், நீர்மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் எல்லாம் அங்கே இருக்கும். சிறுவர்களுக்கான வேட உடைகளை வெல்வெட்டுக்குப் பதில் பருத்தியில் தைத்துத் தர முடியுமா என்று, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர் ஒருவரிடம் கேட்டேன். முன்கூட்டியே சொன்னால் தைக்கலாம் என்றார். வேடம் கட்டவிருக்கும் பிள்ளைகளின் அளவுகளைத் தை மாதத்துக்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள். பந்தலில் காலை முதல் மாலை வரை முறைவைத்து நிற்க ஆட்களும் வேண்டும். முதலுதவி தெரிந்தவர்கள் வந்தால் இன்னும் நல்லது.