போர்டோபெலோவிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

பனாமாவில் கால்வாயைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கோலோன் நகருக்கு வடகிழக்கே, கரீபியன் கரையிலுள்ள போர்டோபெலோவில் ஸ்பானியர்கள் கட்டிய கோட்டைகளைப் பார்த்து வந்தேன். காலமெல்லாம் மேஸ்திரியாக இருந்த உங்களுக்குத்தான் இதை முதலில் எழுதத் தோன்றியது.

சுவரெல்லாம் பவளப்பாறைக் கல். மழையில் கறுத்துப் பாசி படிந்திருந்தாலும், உற்றுப் பார்த்தால் சிறுசிறு துளைகள் தெரிகின்றன. தனுஷ்கோடித் தேவாலயச் சுவரைத் தடவி நீங்கள் எனக்குக் காட்டிய கல்லும் இந்த வகைதானே!

1597இல் உருவான இவ்வூருக்குப் பெருவின் வெள்ளி, பனாமா நகரம் வரை கப்பலிலும் அங்கிருந்து கோவேறு கழுதைகளின் முதுகிலும் வந்து சேர்ந்தது. ஸ்பெயினின் கப்பல்கள் வரும்போது மட்டும் சில வாரங்கள் பெருஞ்சந்தை கூடும். மற்ற நாட்களில் மழையும் காய்ச்சலுமே மிச்சம். அந்தச் சில வாரங்களுக்காகத்தான் இத்தனை மதில்களும்.

அவையும் பெரிதாக உதவவில்லை. பீரங்கிகளெல்லாம் கடலைப் பார்த்திருக்க, 1668இல் கடற்கொள்ளையர் ஹென்றி மார்கன் தன் கப்பல்களைத் தொலைவில் நிறுத்திவிட்டு, இரவில் சிறு படகுகளில் கரையேறி, தரைவழியாக வந்து ஊரைப் பிடித்தார். 1739இல் பிரித்தானியத் தளபதி வெர்னான் நேர்வழியிலேயே, ஆறே போர்க்கப்பல்களுடன் வந்து வென்று, கோட்டைகளைத் தகர்த்துவிட்டுப் போனார்.

என்னை அதிகம் நிற்கவைத்தது அடுத்து நடந்ததுதான். சான் ஹெரோனிமோ, சாந்தியாகோ என்று இன்று நாம் பார்க்கும் மதில்கள் பெரும்பாலும் 1750களில் மீண்டும் எழுப்பப்பட்டவை. அதற்குள் வணிகக் கப்பல்கள் தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் பெருவுக்கு நேரே செல்லத் தொடங்கிவிட்டன, சந்தையும் நின்றுபோயிருந்தது. களவு போக ஒன்றுமில்லாத வீட்டுக்குக் கனத்த கதவு போட்டதுபோல, காவல் காக்க வெள்ளி இல்லாத ஊருக்கு முன்னதைவிடக் கவனமாகக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். விரிகுடாவின் எதிர்க்கரையில் இருந்த சான் ஃபெலிப்பே கோட்டையின் கல்லையோ, கால்வாய் வெட்டிய காலத்தில் அமெரிக்கர்கள் அலைதடுப்புச் சுவருக்காகப் பெயர்த்துச் சென்றுவிட்டார்கள். நல்ல கல் ஒரே சுவரில் கிடக்காது என்பீர்களே, நினைவு வந்தது.

1980இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இவ்விடத்தை, 2012இல் யுனெஸ்கோ ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. பூச்சு உதிர்ந்த ஒரு மூலையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். சுண்ணாம்புடன் எதைக் கலந்திருப்பார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்