அது பொம்மை ரயில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வார இதழில் மௌனப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்ளினுக்கு 3 பக்கம் கொடுத்திருந்தீர்கள், சரி. பஸ்டர் கீட்டனுக்கு ஒரே ஒரு பத்தி. அதிலும் 'தி ஜெனரல்' படத்தில் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழும் காட்சியை, பொம்மை ரயிலை வைத்து எடுத்ததாக எழுதிவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரி இரண்டு நாளாகத் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

விழுந்தது நிஜ நீராவி எஞ்சின். 1926 ஜூலை 23 அன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், காட்டேஜ் குரோவ் என்ற மரத்தொழில் ஊருக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். படத்துக்கென்றே ரௌ ஆற்றின் குறுக்கே கட்டைகளால் ஒரு பாலம் கட்டி, பாதி எரியவிட்டு, அதன் மேல் எஞ்சினை ஓட்டினார்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் 42,000 டாலர் செலவு என்று சொல்கிறார்கள். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். பிசகினால் இன்னொரு தடவை எடுக்க வழியே கிடையாது. விழுந்த எஞ்சின் இரண்டாம் உலகப்போரில் பழைய இரும்புக்காக அள்ளிக்கொண்டு போகும்வரை ஆற்றிலேயே கிடந்தது. விழுந்த கையோடு வரும் அடுத்த ஷாட்டையும் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். "பாலம் தாங்கும், போ" என்று உத்தரவு போட்ட தளபதியின் முகம். வாய் லேசாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான். நான் அதற்குத்தான் அதிகம் சிரித்தேன்.

நான் ரயில்வேயில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாக மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய ஒய்.பி. ரக நீராவி எஞ்சின்களில் கரி அள்ளிப்போட்டவன். அப்புறம் டீசலுக்கு மாறி டிரைவராக ஓய்வு பெற்றேன். இந்தப் படத்தைப் பேத்தியின் மடிக்கணினியில் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. சினிமாக்காரர்கள் காட்டும் எஞ்சினில் எங்களைப் போன்றவர்களுக்குப் பத்துக் குறை தெரியும். இதில் தெரியவில்லை.

ஒரு இடம் சொல்கிறேன். படத்தில் கீட்டன் ஒரு ரயில் டிரைவர். காதலி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கீட்டன் எஞ்சினின் சைடு ராடில், அதுதான் பெரிய சக்கரங்களைச் சேர்த்து ஓட்டும் அந்த நீளமான இரும்பில், போய் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே இருப்பவர் எஞ்சினை நகர்த்துகிறார். ராடு மேலே போகிறது, கீழே வருகிறது, இவரும் சோகம் கலையாமல் கூடவே போய் வருகிறார். ஷெட்டுக்குள் நுழையும் நேரத்தில்தான் தன் நிலை உறைக்கிறது. பார்ப்பவர்களுக்கு இது அழகான ஒரு சிரிப்பு. எனக்கு முதல் தடவை வயிற்றைக் கலக்கிவிட்டது. ரெகுலேட்டரை, அதுதான் நீராவியைத் திறந்துவிடும் கைப்பிடியை, ஒரு நூல் கூடுதலாகத் திறந்தால் போதும், சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுழன்றுவிடும். நாங்கள் ஸ்லிப் என்போம். அப்படி ஆகியிருந்தால் ராடில் இருக்கும் ஆள் பிழைக்க மாட்டார். அன்று எஞ்சினை ஓட்டிய டிரைவருக்கும் இதே பயம் இருந்ததாம். அவர் எப்படிக் கைநடுங்காமல் ஸ்டீம் கொடுத்தார் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சியில் பாதி நடிப்பு முகம் தெரியாத அந்த மனிதருடையது.

ஸ்லிப்பை வைத்தே இன்னொரு வேடிக்கையும் உண்டு. சக்கரம் வெறுமனே சுழல்கிறது, இவர் இறங்கி மண்ணை அள்ளித் தண்டவாளத்தில் போடுகிறார். சக்கரம் பிடித்துக்கொள்கிறது, எஞ்சின் இவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. மண் போடுவது கதையளப்பு இல்லை. எங்கள் எஞ்சின்களிலும் அதற்கென்றே மணல் பெட்டி உண்டு.

விறகுக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்னால் பகைவர் துரத்துகிறார்கள். எஞ்சின் அடுப்பில் விறகு போடச் சொன்னால், காதலியாக நடித்த மரியன் மேக் ஒரு கட்டையை எடுத்து, அதில் ஓட்டை இருக்கிறது என்று வெளியே எறிகிறார். துடைப்பத்தை எடுத்துக் கேபினைப் பெருக்குகிறார். கீட்டன் வெறுத்துப்போய் ஒரு சிராய்த் துண்டை நீட்ட, அதையும் பயபக்தியோடு அடுப்பில் போடுகிறார். கீட்டன் அவள் கழுத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, சட்டென்று ஒரு முத்தமும் கொடுத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போகிறார். புதிதாக வந்த கிளீனர் பையன்களோடு மல்லுக்கட்டிய எந்த ஃபயர்மேனுக்கும் இந்த உலுக்கல் புரியும். முத்தம் மட்டும் எங்கள் வழக்கத்தில் இல்லை.

கதையும் கற்பனை இல்லை. 1862 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடக்குத் தரப்பின் ஆட்கள் ஜார்ஜியாவில் 'ஜெனரல்' என்ற எஞ்சினைக் கடத்திக்கொண்டு ஓடினார்கள். பிடிபட்டவர்களில் 8 பேரைத் தூக்கிலிட்டார்கள். அன்று முதலில் கால்நடையாகவே துரத்தி ஓடியவர் அந்த ரயிலின் கார்டு. படத்தில் அவரை டிரைவராக்கிவிட்டார்கள். சரித்திரத்தில் செய்த இந்தத் திருத்தம் எனக்குச் சம்மதமே. ஆனால் நாயகனை, அடிமை முறையைக் காக்க நின்ற தென்தரப்பில் நிறுத்திவிட்டு, அடிமை முறையைப் பற்றி மூச்சுக்கூட விடாமல் போனது இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

கடத்தலில் பங்கெடுத்த வில்லியம் பிட்டெங்கர் எழுதிய நூலைக் கீட்டனிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கிளைடு புரூக்மன். படத்தின் இயக்குநர்கள் என்று இரண்டு பெயர் உண்டு, ஒன்று கீட்டன், இன்னொன்று இவர். உங்கள் கட்டுரையில் இவர் பெயரே இல்லை. தொழில்நுட்ப வேலைகளைப் பார்த்த ஃபிரெட் கபூரியும் இல்லை. ஓரிகன் தேசியக் காவல்படையிலிருந்து வந்த சுமார் 500 பேர் இரண்டு ராணுவமாகவும் நடித்தார்கள். வடக்கின் நீலச் சீருடையில் ஒரு பக்கம் ஓடிவிட்டு, தெற்கின் சாம்பல் நிறச் சட்டை மாற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடுவார்கள். எஞ்சின் பொறி பறந்து காடு தீப்பிடித்தபோது அணைக்க ஓடியதும் இவர்களே.

இத்தனை பாடுபட்டும் 1927இல் அமெரிக்காவில் வெளியானபோது படம் ஓடவில்லை. போரில் ஆட்கள் சாவதைக் காட்டிவிட்டுச் சிரிக்கச் சொல்வதா என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். செலவு சுமார் 7.5 லட்சம் டாலர். உள்நாட்டு வசூல் 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 1928இல் கீட்டன் சொந்த நிர்வாகத்தை விட்டுவிட்டு எம்.ஜி.எம். என்ற பெரிய பட நிறுவனத்துக்குச் சம்பளத்துக்குப் போனார். வாழ்நாளில் செய்த பெரிய தவறு அது என்று பிறகு அவரே சொன்னார். புரூக்மன் கதி அதைவிட மோசம். குடியும் வேலையின்மையுமாக அலைந்து, 1955இல், கீட்டனிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியாலேயே உயிரை முடித்துக்கொண்டார். கீட்டனாவது 1966 வரை இருந்து, மறந்துபோன தன் படங்களை ஜனங்கள் மறுபடி தேடிப் பார்ப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த இதழில் பொம்மை ரயிலுக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது புரூக்மன் பெயரையும் ஒரு ஓரத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் டிரைவர்,
விழுப்புரம்