ஏரியில் பண்ணையின் பெயரைத் தேடாதீர்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஈரி ஏரியில் பாசி பெருகுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் கால்நடைக் கழிவிலிருந்து வந்தால், அது எந்தப் பண்ணையுடையது என்று ஆக்சிஜன் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவத்தை) வைத்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். தீவனத் தொழிலில் இருப்பவன் நான். அவ்வளவு தூரம் அந்த முறை போகாது.

பாஸ்பரஸுக்கு நிலையான ஐசோடோப் ஒன்றுதான் என்பதால், அதை வைத்து ஒன்றுக்கொன்று வித்தியாசம் பார்க்க வழியில்லை. அதனால்தான் பாஸ்பேட்டில் அதோடு சேர்ந்திருக்கும் ஆக்சிஜனில், கனமான ஆக்சிஜன்-18 எவ்வளவு என்று, ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என அளக்கிறார்கள். இந்தப் பிணைப்பு தண்ணீரில் சும்மா கிடந்தால் லேசில் விடாது. ஆனால் உயிரினங்களுக்குள் போனால், நொதிகள் பழைய ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு அங்கிருக்கும் நீரின் ஆக்சிஜனை மாட்டிவிடும். பாறையிலிருந்து தயாராகும் டி.ஏ.பி. உரத்துக்கு ஓர் அளவு, மாட்டின் உடலுக்குள் போய் வந்ததற்கு வேறோர் அளவு என்று அமைவது இதனால்தான்.

சிக்கலும் இங்கேதான். நொதிகள் மாட்டிவிட்ட பிறகு வரும் அளவு, அங்கிருக்கும் நீரையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 1973இல் லாங்கினெல்லி, நூட்டி என்ற ஆய்வாளர்கள் தந்த சமன்பாட்டின்படி, வெப்பநிலை 4.3 டிகிரி மாறினால் இந்த அளவு ஆயிரத்துக்கு ஒன்றுதான் நகரும். மாட்டின் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸ், மனிதனுக்கு 37. இரண்டும் ஒரே ஊர்த் தண்ணீரைக் குடித்தால், கணக்குப் போட்டால் வித்தியாசம் ஆயிரத்துக்கு 0.35. மாதிரியை வெள்ளி பாஸ்பேட்டாக மாற்றி அளக்கும்போது வரும் பிழையே சுமார் 0.3 இருக்கும். தொழுவத்துக் கழிவா, ஊர்ச் சாக்கடையா என்றே சொல்ல முடியாதபோது, பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளை எப்படிப் பிரிப்பது?

ஈரி ஏரியிலேயே 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏரி நீரின் பாஸ்பேட்டில் இந்த அளவு 10 முதல் 17 வரை இருந்தது. ஆறுகள் கொண்டுவந்ததன் சராசரி 11. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை முழுதாக மாற்றிப் போட்டிருந்தால்கூட 14 சுமாருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே போன அளவுகளுக்கு வேறு மூலம் ஒன்று வேண்டியிருந்தது. ஆக்சிஜன் வற்றும் காலத்தில் ஏரியின் அடிவண்டலே பாஸ்பேட்டை விடுகிறது போலும் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஆற்றைச் சோதிக்கப் போய், ஏரியே சந்தேக வளையத்துக்குள் வந்துவிட்டது! என் பார்வையில் இந்த முறையின் அழகே இதுதான். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயல் வடிகாலிலும் சிற்றோடையிலும், நீரில் உள்ள நுண்ணுயிர்கள் பாஸ்பேட்டைத் தொடுவதற்கு முன்பே மாதிரி எடுத்தால் உரத்தையும் எருவையும் ஓரளவு பிரிக்கலாம். ஏரிக்கு வந்த பிறகு தேடினால் தாமதம்.

அதற்குள் ஆக வேண்டியது நிறைய இருக்கிறது. 2014 ஆகஸ்டில், ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் டொலீடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள் என்றார்கள். கொதிக்க வைத்தாலும் பாசியின் நச்சு போகாது. பிறகு, ஏரியின் மேற்குப் பகுதிக்கு வரும் பாஸ்பரஸை 2008 அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பது என்று அமெரிக்காவும் கனடாவும் இலக்கு வைத்தன. நைட்ரஜன் தேவையைப் பார்த்து எரு போட்டால் பாஸ்பரஸ் பயிருக்கு மிஞ்சிப்போகும் என்பது தெரிந்த விஷயம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மமாக இருப்பதால் கோழிக்கும் பன்றிக்கும் சரியாகச் செரிக்காது, எச்சத்தோடு போய்விடும். தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதியைச் சேர்த்தால் அதில் கணிசமான பங்கு உடலில் சேரும். எங்கள் பக்கத்தில் இதைச் சேர்ப்பவர்கள் ஏரியை நினைத்துச் சேர்க்கவில்லை, தீவனத்தில் பாஸ்பரஸுக்காகக் கலக்கும் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) வாங்கும் செலவு குறைகிறது என்றுதான். சரி, காரணம் எதுவானால் என்ன? இதற்கு ஐசோடோப்பை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தேவையில்லை.

ஒரு வாசகர்,
நாமக்கல்