குடை மாட்டிய பெரியவருக்கும், மற்ற எல்லோருக்கும்

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் சொந்தங்களுக்கு வணக்கம்.

இந்த மடலை எழுதும் மேசை இரவல். நாற்காலியும் இரவல்தான். பேனா மட்டும் என்னுடையது. கடை எரிந்த அன்றைக்குச் சட்டைப் பையில் இருந்ததால் தப்பித்தது.

அந்த இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள், மீதிப் பேர் போனில் வீடியோ பார்த்தீர்கள். தீ யார் காலாவில், அதாவது யார் கடை அறையில், தொடங்கியது, எதனால் என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'தீயணைப்புக் கருவி விற்கிறவன் கடையே எரிஞ்சு போச்சாம்' என்று சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னொருத்தர் கடையாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். கடை நிறைய சிலிண்டர் இருந்தது உண்மை. எல்லாம் ரீஃபில்லுக்கு வந்த காலி சிலிண்டர். பவுடர் நிரப்பி, நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்ற சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான், சுவரில் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் இடுப்பளவு அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தது. அடுக்கியது வேலைக்காரப் பையன் இல்லை, நான். ஊரெல்லாம் போய், 'சிலிண்டருக்கு முன்னாடி சாமான் வைக்காதீங்க' என்று தொண்டை கிழியச் சொன்னவன் நான்தான். இதை மறைத்துவிட்டு நன்றி மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

அந்தச் சந்துக்குள் வண்டி நுழையாது என்று தெரிந்ததும் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் தோளில் ஹோஸைச் சுமந்து ஓடிவந்த மும்பை தீயணைப்புப் படை வீரர்களுக்கு. வீடு வீடாகக் கதவைத் தட்டி, 'ரெகுலேட்டரை மூடு, பிள்ளையத் தூக்கு' என்று கத்திக்கொண்டே போன அக்காக்களுக்கு. விடியற்காலையில் மாட்டுங்காவில் விற்க வைத்திருந்த இட்லியை அப்படியே கொண்டுவந்து வீரர்களுக்குக் கொடுத்துவிட்டு அன்றைய வியாபாரத்தை விட்டவருக்கு. கும்பார்வாடாவிலிருந்து டிரம் டிரம்மாகத் தண்ணீர் உருட்டி வந்தவர்களுக்கு. என் தொழில் போட்டியாளராக இருந்தும் தன் பிரஷர் டெஸ்ட் பம்ப்பைக் கேட்காமலே டெம்போவில் ஏற்றி அனுப்பிய பாண்டூப் நண்பருக்கு. மூன்று வாரமாகச் சம்பளத்தைப் பற்றி வாயே திறக்காத என் ஆறு பையன்களுக்கு. வளையலை அடகு வைத்துவிட்டு 'பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்' என்று சொன்ன என் மனைவிக்கு. எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுதலாம். நேரில் வந்து சொல்கிறேன்.

ஆனால் பேனாவை எடுக்க வைத்தவர் வேறொருவர். செம்பூரில் ஒரு பழைய குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ச்மேன். சேலம் பக்கத்துக்காரர். வயது எழுபதை நெருங்கும். பெயரைப் போடக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், அதனால் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடையின் கருகிய நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். இயந்திரம் போனது, பவுடர் மூட்டைகள் போனது, அதெல்லாம் பணம், எப்படியாவது புரட்டலாம். என்னை உட்கார வைத்தது ரிஜிஸ்டர். 140 கட்டடம். எந்தக் கட்டடத்தில் எத்தனை சிலிண்டர், எது எப்போது நிரப்பியது, எதற்கு எந்த வருஷம் பிரஷர் டெஸ்ட், எங்கே தீயணைப்புத் தண்ணீர்க் குழாயின் ஹைட்ரண்ட் வால்வு கசிகிறது, எல்லாம் அந்த நீல அட்டைப் புத்தகத்தில். கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருந்தோம். கம்ப்யூட்டரும் ரிஜிஸ்டரும் ஒரே மேசையில்தான் இருந்தன.

இந்தத் தொழிலுக்கு வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடத்தில் இருக்கும் தீத்தடுப்பு ஏற்பாடுகள் வேலை செய்யும் நிலையில் உள்ளன என்று உரிமம் பெற்ற ஏஜென்சி ஜனவரியிலும் ஜூலையிலும் சான்று கொடுக்க வேண்டும். ஃபார்ம் பி என்போம். பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை என்ற ஒரு திமிரில்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஜூலை வந்துகொண்டிருந்தது. கையில் ஒரு காகிதம் இல்லை.

அப்போதுதான் பெரியவர் வந்தார். செருப்பெல்லாம் சகதி. கையில் குடை, கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஏதோ ஒன்று. குடையை மடக்கிவிட்டு எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அந்த நிமிடம் விளங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, இப்படி உக்காந்துட்டீங்க?"

கணக்கெல்லாம் போச்சு என்றேன். வேறு ஏதும் சொல்ல வரவில்லை. அவர் பையைப் பிரித்து ஒரு நீள நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

முதல் பக்கத்தில் இருந்தது இது: '1.8.2014. மீட்டர் ரூம். 6 கிலோ. முள் பச்சை. கவுத்தேன்.' அடுத்த வரி: 'மாடிப்படி. 6 கிலோ. முள் பச்சை. கவுத்தேன்.' அதற்கடுத்தது: 'லிப்ட் ரூம். கேஸ் குண்டு. இதுக்கு முள் இல்லை. அண்ணாச்சி தராசு கொண்டு வருவார்.'

அதைப் படித்ததும்தான் ஞாபகம் வந்தது. 2014 ஜூலை. சர்வீசுக்குப் போயிருந்தேன். மீட்டர் ரூம் சிலிண்டரின் கைப்பிடியில் ஈரக் குடை ஒன்றும் சாப்பாட்டுப் பையும் தொங்கின. என்னைவிட மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல், "இது என்னய்யா, உங்க வீட்டு ஆணியா? நாளைக்கு மீட்டர் பத்திக்கிட்டா குடையையா பிடிப்பீங்க?" என்று எகிறிவிட்டேன். அவர் பேசாமல் இரண்டையும் எடுத்துக் கீழே வைத்தார். கீழே தரை ஈரம்.

பாதி வேலையில் மனசு உறுத்தியது. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை; தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். மாசாமாசம் ஒண்ணாம் தேதி முள்ளைப் பாருங்க. பச்சைக்குள்ள நிக்கணும். சிவப்புக்குச் சாய்ஞ்சா போன் போடுங்க. தலைகீழாக் கவுத்து ரெண்டு ஆட்டு ஆட்டுங்க, அப்பத்தான் பவுடர் கட்டி தட்டாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்கணும், அதை நான் பார்த்துக்குறேன். அவ்வளவுதான். ஐந்து நிமிடம் இருக்கும். அடுத்த கட்டடத்துக்குப் போகும் முன்பே மறந்துபோனேன்.

அவர் மறக்கவில்லை. 11 வருஷம், ஒரு மாதம் விடாமல். தன் கட்டடம் மட்டுமில்லை. பக்கத்து மூன்று கட்டடங்களின் வாட்ச்மேன்கள் பீகார்ப் பையன்கள், அவர்கள் இந்தியில் சொல்ல இவர் தமிழில் எழுதியிருக்கிறார். மொத்தம் 23 சிலிண்டர். நான் நிரப்பித் தொங்கவிட்ட சீட்டில் இருக்கும் தேதியையும் ஒவ்வொரு தடவையும் பார்த்து எழுதியிருக்கிறார். நடுநடுவே அவருடைய வாழ்க்கை. 'பால் பாக்கி 40.' 'பேரன் பிறந்தான். முள் பச்சை.' 2020 மே மாதப் பக்கத்தில்: 'பையன்கள் மூணு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. நாலு பில்டிங்கும் நானே பார்த்தேன். முள் பச்சை.'

அந்த வரியில் என் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சமாளித்தேன்.

"நாலு கட்டடம்தான் அய்யா இதுல இருக்கு. மிச்சக் கட்டடத்துக்கு நான் எங்க போவேன்?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணாச்சி, உங்க கணக்கு முழுக்க எங்க செவுத்துலதானே தொங்குது. போய்ப் பார்த்து எழுதிக்க வேண்டியதுதானே."

இதைவிட எளிமையான உண்மை உண்டா? ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் நிரப்பிய தேதி, டெஸ்ட் செய்த வருஷம், அடுத்த தேதி, என் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. அதைக் கட்டித் தொங்கவிட்டவனே நான்தான். எரிந்துபோனது என் நகல் மட்டும். அசல் ஊர் முழுக்கத் தொங்குகிறது. மூன்று நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லை. புகை மூளைக்குள்ளேயும் போயிருக்கும் போல.

மறுநாள் பையன்கள் போனோடு கிளம்பினார்கள். ஒவ்வொரு சீட்டையும் படம் எடுத்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் தொங்கும் சீட்டுகளில் மழையும் வெயிலும் பட்டு மை அழிந்திருந்தது. பெரியவரின் நாலு கட்டடங்களில் அப்படிப்பட்டதை எல்லாம் நோட்டைப் பார்த்தே நிரப்பினோம். மற்ற இடங்களில் பழைய பில், சொசைட்டி ஆபீஸ் ஃபைல் என்று தேடினோம். இன்று வரை 131 கட்டடம் முடிந்தது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது 1986-ல், 17 வயசில். மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு ரீஃபில் கடையில் எடுபிடி. அப்போதெல்லாம் கூம்பு வடிவ சோடா ஆசிட் சிலிண்டர். மேலே குமிழில் ஓங்கி அடித்தால் உள்ளே ஆசிட் புட்டி உடைந்து சோடாத் தண்ணீரில் கலந்து பீய்ச்சும். ஆசிட் ஊற்றி ஊற்றி என் சட்டையெல்லாம் சல்லடை. சொந்தக் கடை 1998-ல். அப்புறம் ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ கணபதி விழா நடத்தும் மண்டல்காரர்களிடமோ போய் நிற்பேன். தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, பின்னைப் பிடுங்கு, தீயின் அடிக்குக் குறி வை, அழுத்து, இடம் வலமாக வீசு என்று ஆளுக்கு ஒரு தரம் செய்ய வைப்பேன். கேஸ் தீக்கு ஈரச் சாக்கு. 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்ததையும், பருத்தியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்ததையும், 66 தீயணைப்பு வீரர்கள் போனதையும் சொல்வேன். பிள்ளைகள் கப்பல் கதையை வாய் பிளந்து கேட்பார்கள். பெரியவர்கள் டீ எப்போது வரும் என்று பார்ப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், யாரும் கேட்பதில்லை என்ற கசப்பு எனக்குள் ஊறிப் போயிருந்தது. 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் தீயில் 14 பேர் இறந்தபோது என் போன் ஓயாமல் அடித்தது. சில மாதத்தில் அதே ஆட்கள், 'ரேட்டைக் குறை, சர்டிபிகேட் மட்டும் குடு' என்று பேசினார்கள். இந்த ஊர் இப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த இரவில் ரெகுலேட்டரை மூடு என்று கதவு தட்டிய அக்காக்களில் ஒருவர் பிறகு சொன்னார்: 'நீங்கதானே 90 அடி ரோட்டுல பொங்கல் அன்னிக்குச் செஞ்சு காட்டுனீங்க!' எந்தப் பொங்கல் என்று எனக்கே தெரியவில்லை. நான் செக்ரட்டரியையும் சேர்மனையும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பின்வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

இனிமேல் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் வாட்ச்மேனிடம்தான் பேசுவேன். சிலிண்டரோடு ஒரு நோட்டும் பேனாவும் சேர்த்துக் கொடுப்பேன், அதற்குத் தனிக் காசு கிடையாது. அடுத்த ஏப்ரல் 14-க்குத் தட்டில் தீ மூட்டிக் காட்டப் போவது பெரியவர். ஒத்துக்கொள்ள வைக்க இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

அவருக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. ஒரு கட்டிங் சாயா மட்டும் குடித்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஒண்ணாம் தேதிக்குள்ள நோட்டு எனக்கு வேணும் அண்ணாச்சி. எழுதணும்."

இன்று ஜூன் 30. நோட்டைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்தாயிற்று, இந்தத் தடவை மூன்று இடத்தில் சேமித்தாயிற்று. அதில் இன்னும் சில பக்கம்தான் பாக்கி என்பதால் இன்னொரு நீள நோட்டு வாங்கியிருக்கிறேன். கூடவே சுத்தியலும், நல்ல தடிமனான ஆணி இரண்டும். மீட்டர் ரூம் சிலிண்டரிலிருந்து மூன்றடி தள்ளி அடிக்கலாம் என்று இருக்கிறேன். ஒன்று குடைக்கு, ஒன்று சாப்பாட்டுப் பைக்கு.

அன்புடன்,
உங்கள் சிலிண்டர்க் கடை அண்ணாச்சி
தாராவி, மும்பை