அரைக்கிலோ கடலையில் அஃப்லாடாக்சின் சிக்காது

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை, வேளாண் விற்பனைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2018-ல் நாடு முழுக்க நடந்த பால் ஆய்வில், அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சாண நஞ்சு (பாலில் வரும் எம்1 வகை) வரம்பு மீறிய மாதிரிகள் தமிழ்நாட்டில்தான் அதிகம்: 551-க்கு 88. இந்த நஞ்சு பாலில் தானாக உண்டாவதில்லை. பூஞ்சாணம் பிடித்த தீவனத்தை, குறிப்பாக நிலக்கடலைப் பிண்ணாக்கை, மாடு தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் போகாது. ஆகவே சோதனையைப் பால் கேனில் அல்லாமல் கடலை மூட்டையிலேயே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சிக்கல் மாதிரி எடுப்பதில் இருக்கிறது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது; ஆயிரத்தில் ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். மிக மோசமான பருப்பில் கிராமுக்கு 1 மில்லிகிராம்வரை பதிவாகியிருக்கிறது. அரை கிராம் எடையில் அப்படி ஒரே ஒரு பருப்பு 20 கிலோவில் கிடந்தால் போதும், கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் ஆகிவிடும். பதப்படுத்தப் போகும் கடலைக்குச் சட்ட வரம்பே 15. அந்த 20 கிலோவை அரைக்கிலோப் பொட்டலங்களாக்கினால் 39 சுத்தம் என்று வரும், ஒன்று மட்டும் 1,000 காட்டும். மேல்மூட்டையில் ஒரு கை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால், போவது அநேகமாக அந்த 39-ல் ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய சரக்குக்கு 100 இடங்களில் 200 கிராம் வீதம் 20 கிலோ சேர்க்கிறார்கள். நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் மாதிரி எடுக்கும் குத்தூசி மூட்டையின் அடிவரை இறங்கட்டும். சேர்த்த கடலை முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகே ஆய்வுக்கு 50 கிராம் எடுக்க வேண்டும். அரைக்காத கடலையில் 50 கிராம் எடுத்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். உலர அரைத்தால் சூட்டில் எண்ணெய் விட்டுப் பசையாகும். தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்தால் சீராகக் கலக்கும். புறஊதா விளக்கில் பச்சையாக மின்னுவதை நம்பி முடிவு சொல்லாதீர்கள். அது பூஞ்சாணத்தின் வேறொரு பொருளால் வரும் ஒளி.

பருப்பு நொறுங்காமலிருக்க, உடைக்கும் முன் காய்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். 7 சதவீத ஈரத்துக்குக் காயவைத்ததெல்லாம் அதோடு போயிற்று. மூட்டைக்குள் புழுங்கிப் பூஞ்சாணம் ஏறும்.

பொறுக்கித் தள்ளும் சொத்தையும் சுருங்கலும் எங்கே போகிறது என்பதற்கும் பதிவேடு வையுங்கள். மலிவு விலையில் செக்குக்குப் போனால் நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கி, மாட்டுத் தொட்டிக்கே திரும்பி வரும்.

இப்படிக்கு,
எண்ணெய்வித்து ஆய்வகப் பணியாளர்கள்